முழங்கால் பிணைப்புநார் அறுவையும் மீள்பயிற்சியும்

முன்னுரை

நடத்தல், அமர்தல், எழுதல் ஆகியவை இடையூறின்றி நிகழும் வரையில் முழங்கால் என்றோர் உறுப்பு இருப்பதையே நாம் நினைப்பதில்லை. அது ஒருநாள் தன் கடமையில் தவறும்போதுதான், நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதியை அது தாங்கி நின்றது புலனாகிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் எம் துறையின் இளங்கலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் கபடி ஆடுகளத்தில் வீழ்ந்தார். எவரும் அவர்மீது மோதவில்லை. பிடிக்க வந்தவரிடமிருந்து விலக உடலைத் திருப்பியபோது, ஊன்றிய பாதம் மண்ணில் நிலைத்துவிட, முழங்கால் மட்டும் உள்நோக்கி மடங்கிற்று. உள்ளே ஏதோ அறுந்த ஓசையைத் தாமே கேட்டதாக அவர் கூறினார். மாலைக்குள் முழங்கால் பருத்துவிட்டது. முழங்காலின் நடுவிலுள்ள பிணைப்புநார் ஒன்று முற்றும் அறுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். சில வாரங்கள் கழித்து அறுவை சிகிச்சை நடைபெற்றது.

வகுப்புப் பொறுப்பாசிரியன் என்னும் முறையில், அறுவை முடிந்த பத்தாம் நாள் அவரது இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மாணவர் கட்டிலில் படுத்திருந்தார். அறுவை செய்த முழங்காலின்கீழ் இரண்டு தலையணைகள் அடுக்கப்பட்டிருந்தன. மருத்துவமனையில் கொடுத்த பயிற்சித்தாள் நான்கு பக்கங்களும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டு, அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "காலை நீட்டினால் பிள்ளை துடிக்கிறான் ஐயா. அதனால்தான் அணைவாகத் தலையணை வைத்திருக்கிறேன்" என்றார் அவருடைய உம்மா. நான் அத்தாளை எடுத்துப் படித்தேன். செய்யத்தகாதவை என்னும் பட்டியலின் தலைப்பில் முதலாவதாக இருந்தது, முழங்காலின்கீழ்த் தலையணை வைக்கலாகாது என்பதே.

அன்பினால் செய்த ஒன்று, அறியாமையினால் தீங்காகிக்கொண்டிருந்தது. அத்தாளை அவ்வன்னைக்காகத் தமிழில் எழுதிக்கொடுக்க முற்பட்டேன். ஒவ்வொரு பயிற்சியும் ஏன் சொல்லப்பட்டது என்பதை மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டு எழுத நேர்ந்தது. அவ்வாறு அறிந்தவற்றையும் பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவரின் அறிவுரைக்கு மாற்றன்று. அவர் சொல்வதை விளங்கிக்கொள்வதற்கு ஒரு துணையாகும்.

சொல்லும் பொருளும்

'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்பது மக்கள் வழக்கு. ஆயின் இவ்வொரு சொல்லே முழங்காலின் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்க வழங்குகின்றது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் ஒன்று. தசையை எலும்போடு சேர்க்கும் நாண் மற்றொன்று. இரண்டு எலும்புகளுக்கும் இடையே மெத்தை போல் அமைந்த, பிறை வடிவான குருத்தெலும்பு மூன்றாவது. மூன்றிற்கும் சிகிச்சை வேறு; பயிற்சியும் வேறு. 'எனக்கும் ஜவ்வுதான் கிழிந்தது, ஒரு மாதத்தில் ஓடினேன்' என்று ஒருவர் கூற, அதனை நம்பி மற்றொருவர் ஓட முற்படுவது இச்சொல் மயக்கத்தால் விளையும் கேடு. ஆதலின் இக்கட்டுரையில் முதலாவதைப் பிணைப்புநார் என்றும், இரண்டாவதைத் தசைநாண் என்றும், மூன்றாவதைப் பிறைக்குருத்து என்றும் வழங்குவோம்.

முழங்காலின் அமைப்பு

மேலே தொடையெலும்பு, கீழே கீழ்க்காலின் பெரிய எலும்பு, முன்னே முழங்காற்சில்லு ஆகிய மூன்றும் கூடுமிடமே முழங்கால் மூட்டு. இடுப்பு மூட்டில் உள்ளது போன்று பந்தும் கிண்ணமுமான பொருத்தம் இங்கில்லை. உருண்ட முனைகளை உடைய தொடையெலும்பு, ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின்மீது நிற்கிறது. எனவே எலும்பின் வடிவத்தைக் காட்டிலும் பிணைப்புநார்களும் தசைகளுமே இம்மூட்டை நிலைநிறுத்துகின்றன.

முதன்மையான பிணைப்புநார்கள் நான்கு. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு; மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்வன இரண்டு. அக்குறுக்கு நார்களில் முன்னுள்ளதே மருத்துவர்கள் ஏ.சி.எல். எனச் சுருக்கி வழங்கும் முன்குறுக்குப் பிணைப்புநார். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உடைய இந்நார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திரும்பாமலும் காக்கிறது. நேர்வழியில் நடப்பவருக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஓடும்போது சட்டெனத் திரும்புபவர்க்கும் தாவி இறங்குபவர்க்குமே இது இன்றியமையாதது. இந்நார் அறுபடும் நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை பிறர் மோதாமலே, உடலைத் திருப்புகையிலோ தாவி இறங்குகையிலோ நேர்கின்றன என்பதும் அறியத்தக்கது.

இந்நாருக்கு மற்றொரு பணியும் உண்டு. இதனுள் நரம்பு முனைகள் உள்ளன. கால் எந்நிலையில் உள்ளது, எவ்வளவு மடங்கியுள்ளது என்னும் செய்தி அவற்றின் வழியே மூளைக்குச் செல்கிறது. நார் அறுபடும்போது பிடிப்போடு இவ்வுணர்வும் குறைகிறது. பின்னர்க் கூறப்படும் சமநிலைப் பயிற்சிகளுக்கு இதுவே காரணம்.

அறுவை செய்வது யாது?

அறுந்த முன்குறுக்கு நார் மூட்டு நீரால் சூழப்பட்டுள்ளமையால், அறுந்த முனைகளுக்கிடையே குருதி உறைந்து பாலம் அமைவது அரிது. எனவே அது பெரும்பாலும் தானே நன்கு கூடுவதில்லை. அறுவையில் அந்நாரைத் தைப்பதைவிட, அவ்விடத்தில் வேறொன்றைப் பொருத்துவதே பெருவழக்கு. நோயாளியின் பின்தொடைத் தசைநாணையோ, முழங்காற்சில்லின் கீழுள்ள நாணையோ, மேலுள்ள நாணையோ எடுத்து, எலும்புகளில் துளையிட்டு, அதனுள் செலுத்திப் பொருத்துவர்.

நார் அறுந்தோர் அனைவர்க்கும் உடனடி அறுவை வேண்டுமென்பதில்லை. சுவீடன் நாட்டில் விளையாட்டு ஈடுபாடுடைய இளையோர் 121 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2010இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர்க்கு விரைவில் அறுவையும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. மற்றொரு பிரிவினர்க்கு முதலில் பயிற்சி மட்டும் அளித்து, தேவைப்பட்டால் பின்னர் அறுவை செய்யப்பட்டது. ஈராண்டு முடிவில் இரு பிரிவினரின் முழங்கால் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தனர். ஏனையோர்க்கு அது தேவைப்படவில்லை. அறுவை வேண்டுமா என்பது அவரவர் முழங்காலின் நிலையையும் வாழ்க்கை முறையையும் பொறுத்தது. பயிற்சியோ இரு பிரிவினர்க்கும் பொதுவாக இருந்தது.

ஈண்டு யாவரும் உணரவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பொருத்தப்பட்ட தசைநாண் அன்றே பிணைப்புநார் ஆகிவிடுவதில்லை. அது வேறிடத்திலிருந்து பிடுங்கி நட்ட நாற்றினைப் போன்றது. நட்ட நாற்று முதலில் வாடிப் பின்னரே வேர்பிடிக்கும். அவ்வாறே, பொருத்திய நாணின் பழைய உயிரணுக்கள் முதலில் பெரும்பாலும் மடிகின்றன. பின்னர்ச் சுற்றுப்புறத்திலிருந்து புதிய குருதிநாளங்களும் உயிரணுக்களும் அதனுள் புகுகின்றன. அதன்பின் சிறிது சிறிதாக அது பிணைப்புநாரின் தன்மையை அடைகிறது. முயல்களில் இம்மாற்றத்தை அமியல் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டனர். மனிதரில் இம்மாற்றம் நிறைவுற ஓராண்டும் அதற்கு மேலும் ஆகின்றது. இதில் வியப்பு யாதெனின், பொருத்திய நாண் மிகவும் வலுவிழந்திருக்கும் காலம் அறுவை முடிந்த மறுநாளன்று. ஏறத்தாழ ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே. வலி தணிந்து நோயாளி நலமாக உணரத் தொடங்கும் காலமும் அதுவேயாகும்.

ஓய்விலிருந்து பயிற்சிக்கு

1895இல் இங்கிலாந்தின் லீட்சு நகரில் மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு நார்களைத் தைத்தார். 1917இல் பிரிஸ்டல் நகரின் ஹே குரோவ்ஸ், தொடையின் வெளிப்புறத் திசுப்பட்டையைக் கொண்டு புதிய நார் அமைக்கும் முறையை வெளியிட்டார். அறுவை முறைகள் இவ்வாறு வளர்ந்தபோதிலும், அறுவைக்குப் பின் காலை மாவுக்கட்டில் இட்டு வாரக்கணக்கில் அசையாது வைப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நார் காக்கப்பட்டது, ஆனால் மூட்டு இறுகிற்று, தொடை மெலிந்தது.

இந்நிலை மாறியதற்கு நோயாளிகளே ஒரு காரணமாயினர் என்பது சுவையான செய்தி. அமெரிக்காவின் இண்டியானாபொலிசு நகரைச் சேர்ந்த ஷெல்போர்ன் என்னும் அறுவை மருத்துவர், தம் கட்டுப்பாடுகளை மீறி முன்னதாகவே காலை நீட்டி நடந்தவர்கள், சொற்படி நடந்தவர்களைக் காட்டிலும் நலமாக இருந்ததைக் கண்டார். நாரும் தளரவில்லை. அவரும் நிட்ஸ் என்பாரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை, அறுவை முடிந்த உடனே காலை முழுமையாக நீட்டுதல், இயன்ற அளவு எடையைத் தாங்கி நடத்தல் ஆகியவற்றை வலியுறுத்திற்று. இன்றைய பயிற்சி முறைகளுக்கு அது பெருந்தூண்டுதலாயிற்று.

ஆனால் அந்நோயாளிகளின் மீறல் எல்லா மீறலுக்கும் சான்றாகாது. அவர்கள் விரைந்தது அசைவில். ஆடுகளத்திற்குத் திரும்புவதில் விரைந்தவர்களுக்கு நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம். அசைவில் தாமதமும் ஆட்டத்தில் விரைவும் ஆகிய இரண்டுமே தவறு. மீள்பயிற்சியின் அடிப்படை இதுவே எனலாம்.

முதற்படி: முதல் இரண்டு வாரங்கள்

இக்காலத்தின் நோக்கங்கள் மூன்று. வீக்கத்தைத் தணித்தல், காலை முழுமையாக நீட்டுதல், முன்தொடைத் தசையை விழிக்கச் செய்தல்.

வலியுள்ள மூட்டு சற்று மடங்கிய நிலையில் இருக்கவே விரும்பும். தலையணை அந்நிலைக்கு இடங்கொடுக்கிறது. நாட்கள் செல்லச் செல்ல மூட்டின் பின்புறம் அந்நிலையிலேயே இறுகிவிடுகிறது. சில பாகை குறைந்தாலும் நடையில் தாங்கல் தோன்றும். முன்தொடைத் தசை ஓயாது உழைத்துச் சோரும். எனவே துணியைச் சுருட்டி முழங்காலின்கீழ் வைக்காது குதிகாலின்கீழ் வைத்தல் வேண்டும். முழங்கால் தன் எடையினாலேயே கீழ்நோக்கித் தாழ்ந்து நேராகும். பத்து நிமிடங்கள் வீதம் நாளில் பலமுறை இதனைச் செய்யச் சொல்வர். வேண்டியது ஒரு சிறு துண்டு மட்டுமே.

அடுத்தது தொடையிறுக்கப் பயிற்சி. காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்புறத்தால் பாயை அழுத்துவது போல் முன்தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துதல். பார்ப்பவர்க்கு இது ஒரு பயிற்சியாகவே தோன்றாது. ஆயினும் அறுவைக்குப் பின் பலரால் இதனைச் செய்ய இயல்வதில்லை. மூட்டில் நீர் கோத்திருக்கும்போது, தசையை இயக்கும் நரம்பாணை தண்டுவடத்திலேயே தடைப்படுகிறது. 1984இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயற்ற முழங்காலில் 20 முதல் 30 மில்லிலிட்டர் நீரைச் செலுத்தியபோதே தொடையின் உட்புறத் தசையின் செயல் குறைந்தது. தசை சோம்பவில்லை, அதற்கு ஆணை வந்து சேரவில்லை. 'முயற்சி செய்யமாட்டேன் என்கிறான்' என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனை அறிதல் நன்று. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்து, காலை உயர்த்தி வைத்து, வீக்கத்தைத் தணிப்பதும் ஒருவகையில் தசைப்பயிற்சியின் பகுதியே ஆகும்.

தொடையிறுக்கம் கைவந்தபின், முழங்காலை மடக்காது காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குதல். தூக்கும்போது முழங்கால் தொய்ந்தால் தசை இன்னும் வலுப்பெறவில்லை என்பது பொருள். குதிகாலைப் பாயின்மீதே நகர்த்தி முழங்காலை மெல்ல மடக்கும் பயிற்சியும் இதனுடன் தொடங்கும். இரண்டு வாரங்களில் ஏறத்தாழ 90 பாகை, அதாவது நாற்காலியில் அமரும் அளவு, மடங்குதல் நல்ல முன்னேற்றமாகும். கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருத்தல், கெண்டைக்காலில் குருதி தேங்கி உறையாமல் காக்கும். ஊன்றுகோலுடன் நடக்கும்போது எவ்வளவு எடையைத் தாங்கலாம் என்பதை மருத்துவரே கூறவேண்டும். பிறைக்குருத்தும் தைக்கப்பட்டிருப்பின் எடை தாங்குதலுக்கும் மடக்குதலுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

இரண்டாம்படி: ஆறாம் வாரம் வரை

தாங்காமல் நடக்க வந்தபின்னரே ஊன்றுகோலை விடுதல் வேண்டும். ஊன்றுகோலின்றி நொண்டி நடப்பதைக் காட்டிலும் ஊன்றுகோலுடன் நேராக நடப்பது மேல். நொண்டும் நடை பழக்கமாகிவிட்டால் பின்னர் மாற்றுவது கடினம்.

இக்காலத்தில் சுவரில் முதுகைச் சாய்த்துச் சிறிதளவு தாழ்ந்து எழுதல், இரு குதிகால்களையும் உயர்த்தி நின்று இறங்குதல், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பை உயர்த்துதல், நிலைமிதிவண்டி மிதித்தல் ஆகியவை படிப்படியாகச் சேர்க்கப்படும். பாதம் தரையில் ஊன்றியிருக்கும் பயிற்சிகளில் தொடையின் முன்தசையும் பின்தசையும் ஒருசேர இயங்குவதால், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி இழுபடுவது குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து பாதத்தில் எடை கட்டிக் காலை முழுவதும் நீட்டும் பயிற்சி அவ்வாறன்று. நீட்டலின் கடைசி 40 பாகையளவில் அது புதிய நாரை இழுக்கிறது. ஆதலின் அதனை எப்போது, எவ்வளவு கோணத்திற்குள் செய்வது என்பதை இயன்முறை மருத்துவர் வரையறுப்பார். பின்தொடையிலிருந்து நாண் எடுக்கப்பட்டவர்கள், எடை தாங்கி முழங்காலைப் பின்னோக்கி மடக்கும் பயிற்சியைச் சில வாரங்கள் தள்ளிவைத்தல் வேண்டும். எடுத்த இடமும் ஆற வேண்டுமன்றோ?

எண்ணெய் தேய்த்து வலிந்து நீவுவதும், பிறர் காலைப் பிடித்து வலிந்து மடக்குவதும், இறுகக் கட்டி அசையாது வைப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மூன்றாம்படி: ஏமாற்றும் காலம்

ஆறு வாரங்களுக்குப் பின் படியேறி இறங்கும் பயிற்சி, எடையுடன் தாழ்ந்து எழும் பயிற்சி, ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி ஆகியவை தொடங்குகின்றன. ஒற்றைக்காலில் நிற்பதை முதலில் கண்ணைத் திறந்தும், பின்னர்க் கண்ணை மூடியும், அதன்பின் மென்மையான மெத்தைமீதும் செய்விப்பர். நார் அறுந்தபோது குறைந்த நிலையுணர்வை ஈடுசெய்ய இது துணைசெய்யும்.

இக்காலத்தில்தான் பெரும்பாலோர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். வலியில்லை, வீக்கமில்லை, நடை சீராகிவிட்டது. இனி எதற்குப் பயிற்சி என்னும் எண்ணம் தோன்றுவது இயல்பே. என் மாணவருக்கும் அது தோன்றிற்று. அறுவை முடிந்து பதினான்காம் வாரத்தில் கல்லூரிகளுக்கிடையிலான கபடிப் போட்டிக்கு அணி தெரிவு நடைபெற்றது. அவர் என்னிடம் வந்து, "ஐயா, நான் நன்றாக இருக்கிறேன். இது என் கடைசி ஆண்டு" என்றார். மாடிப்படிகளில் அவர் ஏறிவந்ததைக் கண்ட நானும், "ஆமாம் தம்பி, நன்றாகத்தானே நடக்கிறாய், ஆடிப் பார்க்கலாமே" என்று கூறிவிட்டேன். பயிற்சித்தாளைத் தமிழாக்கியவனே அவ்வாறு கூறியதை எண்ணி இன்றும் வருந்துகிறேன். கண்ணால் கண்ட நடையை நம்பினேன். உள்ளிருக்கும் நாரின் நிலையை மறந்தேன்.

நல்வேளையாக, அவர் இயன்முறை மருத்துவரிடம் சென்று கேட்டார். மருத்துவர் மறுத்துரைக்கவில்லை, அளந்து காட்டினார். ஒற்றைக்காலால் முன்னோக்கித் தாவச் சொன்னார். நலமான கால் தாவிய தொலைவில் பாதியைச் சற்றே கடந்தது அறுவை செய்த கால். நாடாவால் தொடைகளைச் சுற்றி அளந்தபோது இரண்டிற்கும் 3 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. மாணவர் தாமே அணியிலிருந்து விலகிக்கொண்டார். அவ்வாண்டுப் போட்டியில் அவர் எல்லைக்கோட்டிற்கு வெளியே அமர்ந்து புள்ளிகளைக் குறித்தார்.

நான்காம்படி: ஆடுகளத்திற்குத் திரும்புதல்

மூன்று நான்கு மாதங்களுக்குப் பின், தசைவலு போதுமானதாயின் நேர்க்கோட்டில் மெல்லோட்டம் தொடங்கலாம். ஆறு மாத அளவில் தாவுதல், தாவி இறங்குதல், திசை திரும்புதல் ஆகியவை பயிற்றுவிக்கப்படும். இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாது பாதத்திற்கு நேராக நிற்கிறதா என்பதே இங்கு உற்றுநோக்கப்படும். முதல் காயம் நேர்ந்ததே அச்சாய்வினால்தான். பழைய பழக்கத்தோடு புதிய நாரை ஆடுகளத்திற்கு அனுப்புதல் மீண்டும் அறுவைக்கு வழிகோலுவதாகும்.

திரும்பும் காலத்தை நாட்காட்டி மட்டும் முடிவு செய்வதில்லை. முன்தொடைத் தசையின் வலுவும் தாவும் தொலைவும் மற்றக் காலோடு ஒப்பிடுகையில் 90 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது பரவலாகக் கொள்ளப்படும் அளவுகோல். அமெரிக்காவின் டெலாவரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் 106 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2016இல் வெளியாயிற்று. திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிவைத்த ஒவ்வொரு மாதத்திற்கும் மீண்டும் காயமுறும் வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தேர்வுகளில் தேறாமலே ஆடச் சென்றவர்களுள் 38 விழுக்காட்டினர் மீண்டும் முழங்காலில் காயமுற்றனர். தேறியபின் சென்றவர்களுள் அவ்வாறு காயமுற்றோர் 6 விழுக்காட்டிற்கும் குறைவே. பொறுமையின் பயனை இதனினும் தெளிவாக எண்ணால் உரைத்தல் அரிது.

தரையில் அமரும் வாழ்க்கை

மேனாட்டுப் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் ஓட்டத்தையும் பந்தாட்டத்தையும் கருதியே எழுதப்படுகின்றன. நம் முழங்காலுக்கோ வேறு கடமைகளும் உண்டு. சம்மணமிட்டு உண்ணுதல், குந்தி அமர்தல், தொழுகையில் சுஜூதிலும் இருப்பிலும் முழங்காலை முற்றும் மடக்கித் தரையில் ஊன்றுதல் ஆகியவை ஆழ்ந்த மடக்கத்தை வேண்டுபவை. முழங்காற்சில்லின் கீழிருந்து நாண் எடுக்கப்பட்டவர்க்கு மண்டியிடுதல் நெடுநாள் வலிதரக்கூடும். ஆதலின், 'எனக்குத் தரையில் அமரவேண்டும், மண்டியிடவேண்டும்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே எடுத்துரைத்தல் நன்று. நாணை எங்கிருந்து எடுப்பது என்பதை முடிவு செய்யவும், பயிற்சியின் பிற்பகுதியில் அம்மடக்கத்தை முறையாகச் சேர்க்கவும் அது உதவும்.

அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழுவதில் குறையொன்றுமில்லை. இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அளித்த சலுகை அனைவரும் அறிந்ததே. ஆயினும் ஜும்ஆ நாளில் முதியவர்கள் நின்று தொழ, இருபது வயது இளைஞன் நாற்காலியில் அமர்வதா என்று என் மாணவர் நாணினார். சில வாரங்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு மண்டியிட்டார். அருகிலிருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியைத் தாமே எடுத்துவந்து போட்டபின்னரே அந்நாணம் நீங்கிற்று. பெரியோர் இவ்வாறு ஒரு சொல்லாலோ செயலாலோ துணைநிற்பதும் சிகிச்சையின் பகுதியே ஆகும்.

உடனே மருத்துவரை நாடவேண்டிய அறிகுறிகள்

கெண்டைக்காலில் புதிதாகத் தோன்றும் வலியும் வீக்கமும் குருதி உறைவின் அறிகுறியாகலாம். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ உடன் தோன்றின் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் அல்லது நீர் கசிதல், மூட்டு சிவந்து கொதித்தல் ஆகியவை நோய்த்தொற்றைக் குறிக்கலாம். நன்கு நீண்டுவந்த கால் மீண்டும் நீள மறுத்தல், திடீரென முழங்கால் நழுவுதல், பயிற்சிக்குப் பின் மறுநாளும் தணியாத வீக்கம் ஆகியவற்றையும் புறக்கணிக்கலாகாது. பயிற்சியின்போது இழுபடும் உணர்வும் சிறிது வலியும் இயல்பு. மறுநாள் காலையில் மூட்டு முன்னைவிடப் பருத்திருப்பின், நேற்றைய பயிற்சி மிகையாயிற்று என்று கொண்டு அளவைக் குறைத்தல் வேண்டும்.

நிறைவுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகியோர் கூடினாலன்றி மருத்துவம் நிறைவுறாது என்பது அதன் கருத்து. முழங்கால் பிணைப்புநார் அறுவைக்கு இவ்வகுப்பு முற்றும் பொருந்துகிறது. மருத்துவரின் பங்கு ஓரிரு மணிநேரத்தில் முடிகிறது. அதன்பின் ஒன்பது மாதங்களும் நோயுற்றவரும் பேணுபவருமே மருத்துவம் செய்கின்றனர். மருந்து என்பது இங்குப் பயிற்சியே.

என் மாணவரின் உம்மா, தமிழில் எழுதிய தாளைச் சுவரில் ஒட்டி வைத்தார். தலையணைகளை அகற்றிவிட்டுக் குதிகாலின்கீழ்த் துண்டைச் சுருட்டி வைத்தார். மகன் முனகியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாரேயன்றித் துண்டை எடுக்கவில்லை. முதல் பத்து நாட்களில் இழந்த சில பாகை நீட்டத்தை மீட்க ஆறு வாரங்கள் ஆயின. பதினோராம் மாதத்தில் அம்மாணவர் எல்லாத் தேர்வுகளிலும் தேறினார். கல்லூரி அணிக்காக மீண்டும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அதற்குள் அவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். இன்று தம் ஊர் அணியில் ஆடுகிறார். தொழுகையில் தரையில் அமர்கிறார்.

அத்தாள் முதல் நாளிலேயே அவ்வன்னை படிக்கும் மொழியில் இருந்திருப்பின் அந்த ஆறு வார வேதனை நேர்ந்திராது. தமிழ் பயிலும் மாணவர்கள் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும். தம் தெருவில், தம் உறவில் எவரேனும் இத்தகைய தாளோடு மருத்துவமனையிலிருந்து திரும்பினால், அதனை வாங்கிப் படித்து, ஐயமுள்ளவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, எளிய தமிழில் எழுதிக்கொடுக்கலாம். கற்ற தமிழ் ஒருவரை எழுந்து நடக்கச் செய்யுமாயின், அதனினும் சிறந்த பயன் அதற்கு வேறில்லை.